கைப்பிடியும் தவக்குலும்

வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் ஓதவேண்டிய துஆவை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். திருமறையின் ‘ஸுக்ருஃப்’ அத்தியாயத்தில் அமைந்துள்ள அந்தத் துஆவில் இரண்டு சொற்கள் நம்மை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்திருக்கின்றன. ஒன்று, ‘முக்ரினீன்’. இந்த வாகனத்தை அடக்கியாளும் ஆற்றல் நம்முடையதன்று என்னும் ஒப்புதலில் வருகின்ற சொல் அது. மற்றொன்று, ‘முன்கலிபூன்’. முடிவில் இறைவனிடமே திரும்ப வேண்டியவர்கள் நாம் என்பதை உணர்த்தும் சொல். ஏறி அமரும் வேளையிலேயே இறங்குமிடத்தையும் நினைவூட்டிவிடுகிறது அந்தத் துஆ.

சென்ற ஆண்டு ஒரு நாள் இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பதினான்கு வயது மாணவன் ஒருவன் எழுந்தான். “ஹஜ்ரத், அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து, துஆவும் ஓதிவிட்டால், அப்புறம் ஹெல்மெட் எதற்கு?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு நாமே ஒரு காலத்தில் தவறான விடையை எழுதியிருந்தோம். காகிதத்தில் அன்று, மரக்காணத்துச் சாலையில் எழுதியிருந்தோம்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள நம் ஊரிலிருந்து, மரக்காணத்தைக் கடந்துள்ள ஒரு சிற்றூருக்கு வாரம் இருமுறை பாடம் நடத்தச் செல்வது பல ஆண்டுகளாக நம் வழக்கம். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றே நமக்குத் துணை. மேற்கே கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை. தமிழக அரசு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம் அது. மரக்காணத்தைக் கடந்தால் சாலையோரம் கண்ணுக்கெட்டும் தூரம் உப்பளங்கள். கோடையில் பாத்திகளின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் அதே பாத்திகள் மழைநீர் நிறைந்து குளங்களாகிவிடும். சாலை ஒன்றுதான், ஆனால் சித்திரையில் சென்ற சாலையில் கார்த்திகையில் செல்ல முடியாது. காற்று மாறும், ஒளி மாறும், தரையின் பிடிப்பு மாறும்.

அந்த ஆண்டு பின்சக்கரத்தின் டயர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. பட்டறைக்காரத் தம்பி இருமுறை எச்சரித்தார். “பாய், மழைக்கு முன்னாடி மாத்திடுங்க” என்றார். நாம் புன்னகையுடன், “அல்லாஹ் பார்த்துக்கொள்வான், தம்பி” என்று விடையளித்தோம். அந்தச் சொல் ஈமானிலிருந்து வரவில்லை. டயருக்குரிய பணத்தை வேறொரு செலவுக்கு எடுத்துவிட்டிருந்தோம்; சோம்பலும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் மூடி மறைக்கத் தவக்குல் என்னும் திருச்சொல் நமக்குப் போர்வையாயிற்று.

ஐப்பசியின் முதல் மழை. நெடுநாள் காய்ந்த சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் சில நிமிட மழையில் குழம்பும்போதுதான் வழுக்கல் மிகுதி. உப்பளத்தையொட்டிய வளைவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினோம். வண்டி நம் அடியிலிருந்து நழுவிச் சென்றது. தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உப்பள வரப்பில் நின்றிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து தூக்கினார். தோள் எலும்பு முறிந்ததோடும் நெற்றியில் சில தையல்களோடும் வல்ல நாயன் நம்மை விட்டுவிட்டான். மருத்துவமனைக் கட்டிலில் நம் மனைவி ஒரு கேள்விதான் கேட்டார்: “பிள்ளைகளுக்கு ஒட்டகத்தின் ஹதீஸை நடத்தும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

திர்மிதியில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸை அறியாதார் யார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று வினவிய மனிதருக்கு, முதலில் கட்டு, பின்னர் நம்பு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தவக்குலுக்கென ஒரு தனிப்பகுதியே வகுத்துள்ளார்கள். முன்னே உணவிருக்க, கையை நீட்டாமல் இருப்பதைத் தவக்குல் என எண்ணுவது அறியாமை என்பது அவர்களின் தீர்ப்பு. ஏனெனில் கையும் அவன் தந்தது. உணவும் அவன் தந்தது. ஒன்று மற்றொன்றைச் சென்றடையும் நியதியும் அவன் வகுத்தது. டயரின் பள்ளங்கள் வழியே மழைநீர் வெளியேறி, ரப்பர் சாலையைப் பற்றிக்கொள்வதும் அவன் வகுத்த நியதியே. அதைப் புறக்கணித்துவிட்டு அவனை நம்புவதாகச் சொல்வது, ஒருவர் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே அவர்மீது அன்பு உண்டு என்று கூறுவதை ஒக்கும்.

இது கதையின் ஒரு பாதி. மறுபாதியை நாம் பின்னர் கற்றோம்.

மூன்று மாதம் கழித்துப் புதிய டயர்களுடனும் தலைக்கவசத்துடனும் மீண்டும் அந்தச் சாலையில் இறங்கினோம். இப்போது எல்லா எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் அச்சம் நம்மை ஆட்கொண்டிருந்தது. கைப்பிடியை விரல்கள் வெளுக்கும்படி இறுகப் பற்றினோம். வண்டி முன்னைவிட அதிகமாகத் தடுமாறியது. சாலையில் ஒரு பள்ளத்தைக் கண்டால் அதையே வெறித்துப் பார்த்தோம். வண்டியும் தவறாமல் அதிலேயே சென்று இறங்கியது. பட்டறைக்காரத் தம்பியிடம் முறையிட்டபோது அவர் சொன்னது இதுதான்: “வண்டியை அவ்வளவு அழுத்திப் பிடிக்காதீங்க பாய். அது தன்னைத் தானே சரிபண்ணிக்கும், நீங்க விடமாட்டேங்கறீங்க. போகவேண்டிய எடத்தப் பாருங்க, பள்ளத்தப் பாக்காதீங்க.”

அந்தத் தம்பி சொன்னதில் உண்மை உண்டு. ஓடுகின்ற இருசக்கர வாகனம் ஓரளவு தன் நிமிர்வைத் தானே காத்துக்கொள்கிறது. சாயும் பக்கமாக முன்சக்கரம் சற்றுத் திரும்பி, சாய்வைத் தடுத்துவிடுகிறது. இறுகிய கை அந்தத் திருத்தத்தைக் குலைக்கிறது. மற்றொரு விந்தையும் உண்டு. வேகமாகச் செல்லும்போது இடப்பக்கம் வளையவேண்டுமாயின், முதலில் ஒரு நொடி கைப்பிடி வலப்பக்கம் திரும்பியாக வேண்டும்; அப்போதுதான் வண்டி இடப்பக்கம் சாயும். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் முன்னர் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று வில்பர் ரைட் பலரிடம் கேட்டபோது, கைப்பிடியை இடப்பக்கம் திருப்புகிறோம் என்றே அவர்கள் கூறினராம். தாம் அன்றாடம் செய்துவரும் செயலை அவர்கள் அறிந்திருக்கவில்லை. 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இன்னொன்றை மெய்ப்பித்தனர். மிதிவண்டியின் நிமிர்வுக்குக் காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த இரண்டு காரணங்களையும் நீக்கிவிட்டுச் செய்த வண்டியும் விழாமல் ஓடியது. ‘முக்ரினீன்’ என்ற சொல்லின் பொருள் அன்றுதான் நமக்கு முழுமையாக விளங்கியது. நாம் ஓட்டுகிறோம் என்று எண்ணுவதில் பெரும்பகுதி நமக்காக வசப்படுத்தித் தரப்பட்டதே.

ஆகவே தவறு இரண்டு வகை. தளர்ந்த கை ஒன்று. இறுகிய கை மற்றொன்று. முதலாவது, இறைவன் தந்த காரணங்களைக் கைவிடுகிறது. இரண்டாவது, அந்தக் காரணங்களையே இறைவனாக்கிவிடுகிறது. முதலில் நாம் தவக்குலின் பெயரைச் சொன்னோம், தவக்குல் இருக்கவில்லை. பின்னர் எச்சரிக்கையின் பெயரைச் சொன்னோம், அப்போதும் தவக்குல் இருக்கவில்லை. இரண்டு கைகளும் ஒரே ஒன்றைத்தான் தடுக்கின்றன: திருத்தம் பெறுதலை.

நேர்வழி என்பதை நம்மில் பலர் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் பத்திரம் போல எண்ணுகின்றோம். அங்ஙனமாயின், ஈமான் கொண்ட ஒருவர் அன்றாடக் கடமைத் தொழுகைகளின் 17 ரக்அத்துகளிலும் ஃபாத்திஹா ஓதி, நேர்வழி காட்டுமாறு 17 முறை வேண்டுவது ஏன்? மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் இதற்கு விடை சொல்வார். நேரான சாலையிலும் கைப்பிடி ஒரு கணம்கூட அசையாமல் இருப்பதில்லை. சிறிது இப்பக்கம், சிறிது அப்பக்கம். இந்த ஓயாத சிறு திருத்தங்களின் பெயரே நேர்செல்லல். ஃபஜ்ரில் இருந்த நிலை ளுஹரில் இல்லை. ளுஹரில் இருந்த காற்று அஸரில் வேறு திசையில் வீசுகிறது. இதயத்தைக் குறிக்கும் ‘கல்பு’ என்ற சொல்லும், துஆவில் வரும் ‘முன்கலிபூன்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. புரளுவதே கல்பின் இயல்பு. புரளாத இதயம் வேண்டுமென்று எவரும் கேட்பதில்லை. புரட்டுகின்றவனின் கையில் அது இருக்கவேண்டும் என்பதே வேண்டுதல்.

நிலைமை மாறும்போது வழியை மாற்றிக்கொள்வது நம்பிக்கைக் குறைவாகாது. ஷாம் தேசம் நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் ‘ஸர்ஃக்’ என்னுமிடத்தில் கேள்வியுற்றுத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, இறைவனின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்னும் பொருளில் கலீஃபா விடையிறுத்தார்கள். செழித்த கரையும் வறண்ட கரையும் கொண்ட பள்ளத்தாக்கில், ஒட்டகத்தைச் செழித்த கரையில் மேய்ப்பவனும் இறைவிதிப்படியே மேய்க்கிறான் என்ற உவமையையும் சொன்னார்கள். பிரேக்கை மெல்ல அழுத்துவதும் விதியே. மழைக்கு ஒதுங்கி நிற்பதும் விதியே. கழுவெளியின் பறவைகள் காலையில் வெறும் வயிற்றுடன் சென்று மாலையில் நிறைந்து திரும்புவதை நாம் காண்கிறோம். பறவையைத் தவக்குலுக்கு உவமையாக்கிய நபிமொழியில், பறவை கூட்டைவிட்டுப் பறந்து செல்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. எல்லாவற்றையும் சரிவரச் செய்தும் விழுந்தவர் நிலை என்ன?

நம்மைத் தூக்கிவிட்ட உப்பளப் பெரியவர் பின்னாளில் நமக்கு நண்பரானார். உப்பு விளையும் விதத்தை அவரிடம் கேட்டறிந்தோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நீரை மாற்றி மாற்றி வெயிலில் காயவைத்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். முழுவதும் வற்றவிட்டால் கசப்புச் சேர்ந்துவிடும். எஞ்சிய நீரைத் தக்க நேரத்தில் வடித்துவிட வேண்டும். பல நாள் உழைப்பு. ஒரு மழை போதும், அனைத்தும் கரைந்துவிட. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, இப்பகுதியெங்கும் பெருவெள்ளமாக்கிற்று.

ஃபெஞ்சலுக்குப் பின் அவரைக் காணச் சென்றோம். வரப்புகள் கரைந்து, பாத்திகளின் எல்லையே தெரியவில்லை. ‘இறைவன் மீது நம்பிக்கை வையுங்கள்’ என்று சொல்ல வாயெடுத்தோம், அடக்கிக்கொண்டோம். தவக்குல் என்பது தனக்குத் தானே கூறிக்கொள்ள வேண்டிய உபதேசம். பிறர் துன்பத்தின்முன் அதையே கூறுவது பெரும்பாலும் நம் கையை மடக்கிக்கொள்ளும் வழியாகிவிடுகிறது. உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. அண்டைவீட்டார் கடமை அதோடு தீர்ந்துவிடுமா? பசித்த அண்டைவீட்டாருக்கு நம் பங்கு என்ன என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. அன்று நாம் பேச்சை விடுத்து, இயன்றதைக் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தோம். பெரியவரே பேசினார்: “மழை வந்தா கரையும், பாய். அதுக்காகத் தையில வரப்பு போடாம இருக்கறதா?”

அவர் நம் கிதாபுகளை ஓதியவர் அல்லர். ஆயினும் தளர்ந்த கையும் இறுகிய கையும் அவரிடம் இருக்கவில்லை. வரப்பைப் போடுவது தம் பொறுப்பு. விளைவு தம் பிடியில் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். தவக்குல் விபத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் அன்று. கவசம் அணிந்தவரும் மாண்டதுண்டு; வரப்பைச் செம்மையாகப் போட்டவரும் இழந்ததுண்டு. அதனால்தான் துஆ ‘முக்ரினீன்’ என்பதோடு நிற்கவில்லை. ‘முன்கலிபூன்’ என்பதில் முடிகிறது. விழுந்தாலும் விழாவிட்டாலும் திரும்புமிடம் ஒன்றே.

அந்த மாணவனுக்கு நாம் அன்று வகுப்பில் நம் நெற்றித் தழும்பைக் காட்டினோம். “தம்பி, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது சட்டம். ஆனால் உனக்குரிய விடை வேறு. துஆ ஓதும் நாவும் அவன் அமானிதம். அதைத் தாங்கியிருக்கும் தலையும் அவன் அமானிதம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பாழாக்க நமக்கு உரிமையில்லை” என்றோம். அவன் சிறிது யோசித்துவிட்டு, “உங்கள் வண்டிக்கு இப்போது டயர் நன்றாக இருக்கிறதா, ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

அன்று மாலை புறப்படுமுன் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தோம். கவசத்தின் வாரை இறுக்கினோம். கைப்பிடியை மெல்லப் பற்றினோம். துஆவை ஓதினோம். காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. நிலைமைகள் மாறும்போதெல்லாம் நம்மைத் திருத்தி நடத்துமாறு, இதயங்களைப் புரட்டுகின்ற அந்த வல்லோனிடமே வேண்டுவோமாக. ஆமீன்.