அமைதியில் எடுத்த முடிவு

பந்தயத் திடலில் ஓடுவோரையும் குத்துச்சண்டை இடுவோரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். விளையாட்டில் வாழ்வின் நெறியைத் தேடுவது நம் மரபுக்குப் புதிதன்று. எனவே, அமெரிக்க நாட்டில் பலர் விரும்பி ஆடும் ஒருவகைக் கணிப்பொறி விளையாட்டை முன்வைத்து, அறநெறி சார்ந்த ஒரு வினாவை இங்கே ஆராய விழைகிறோம். வரப்போகும் நெருக்கடியில் என்ன செய்வோம் என்பதை முன்னதாகவே முடிவு செய்து வைப்பது மனித சுதந்திரத்தைக் குறைக்கிறதா, காக்கிறதா? அந்தந்த வேளையில் மனச்சான்று சொல்வதைக் கேட்டு நடந்தால் போதாதா?

முதலில் ஆட்டத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்த் திடல்களில் ஆடப்படும் கால்பந்தன்று. பந்து முட்டை வடிவானது; பெரும்பாலும் கைகளிலேயே இருப்பது. நூறு கஜ நீளத் திடலில் அணிக்குப் பதினொருவர் எதிரெதிரே நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கினுள் பத்துக் கஜமேனும் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. உடனே அடுத்த தீர்மானம் வந்து நிற்கிறது. பந்தைச் சுமந்து ஓடுவதா, எறிவதா? ஓடுவதெனில் நடுவிலா, ஓரத்திலா? எறிவதெனில் அருகிலா, தொலைவிலா? ஓடினால் பயன் சிறிது, இடரும் சிறிது. எறிந்தால் பயன் பெரிதாகலாம். பந்து பகைவன் கைக்கும் போகலாம்.

இந்த ஆட்டத்தைப் பாவனையாக ஆடும் விளையாட்டுகள் பல உண்டு. 1968-இல் பகடையும் அட்டைகளும் கொண்ட 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' கால்பந்து வந்தது. 1992-இல் 'ஃபிரண்ட் பேஜ் ஸ்போர்ட்ஸ் ஃபுட்பால்', 1998-இல் 'ஃபிரண்ட் ஆபீஸ் ஃபுட்பால்' ஆகியவை கணிப்பொறிக்கென வெளிவந்தன. இத்தகைய கணிப்பொறி ஆட்டங்களில் விரல் வேகத்தால் வெல்ல வேண்டும் என்பதில்லை. ஆடுபவர் ஆட்டத்துக்கு முன்பே தம் அணியின் தாக்குதல் திட்டத்தை வகுத்து வைக்கிறார். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம் வேண்டும், திடலின் எப்பகுதியில் நிற்கிறோம், எத்தனை புள்ளி முந்தியோ பிந்தியோ இருக்கிறோம், எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொரு நிலையையும் பிரித்து, அந்நிலையில் நூற்றுக்கு எத்தனை முறை ஓட வேண்டும், எத்தனை முறை எறிய வேண்டும் என்று எழுதுகிறார். பிறகு ஆட்டம் தானே நடக்கிறது. வகுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கலாம், உறங்கவும் போகலாம்.

இத்திட்டத்தை வகுப்பது எளிதன்று. மூன்றாம் முயற்சியில் எட்டுக் கஜம் வேண்டுமானால் எறிவதே இயல்பு. எதிரணியும் அதையே எதிர்பார்க்கும். நூற்றுக்கு நூறு எறிந்தால் அவர்கள் அதற்கென்றே ஆயத்தமாகக் காத்திருப்பர். ஆகவே இருபது முறையேனும் ஓடவேண்டும் என்று எழுதுபவர் உண்டு. அந்த இருபது, மற்ற எண்பதைக் காக்கிறது. இறுதிக் கால்பகுதியில் முந்தியிருக்கும் அணி பெரிதும் ஓடவேண்டும். ஓடும்போது கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். பிந்தியிருக்கும் அணி எறிய வேண்டும்; எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். நேரம், இடம், வலிமை ஆகிய மூன்றையும் எண்ணாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. காலமறிதல், இடனறிதல், வலியறிதல் என்று தனித்தனி அதிகாரங்களை வள்ளுவர் வகுத்திருப்பதை நாம் இங்கு நினைவுகூரலாம்.

திட்டத்தைத் தீட்டுபவர் தம்மை அறியாமலே தம் உள்ளத்தையும் எழுதிவிடுகிறார். அஞ்சுபவரின் அட்டவணையில் எங்கும் ஓட்டம்; பேராசைக்காரரின் அட்டவணையில் எங்கும் நெடுந்தொலைவு எறிதல். ஆயினும் அவர் எழுதும் வேளையில் அரங்கின் கூச்சல் இல்லை, தோல்வி கண்முன் நிற்கவில்லை, பழிப்போரும் இல்லை. தம் குறையைத் தாமே கண்டு திருத்திக்கொள்ள இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

மெய்யான ஆட்டத்திலும் இவ்வுண்மையை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். சான் பிரான்சிஸ்கோ அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பில் வால்ஷ், தம் அணி முதலில் ஆடவிருக்கும் இருபத்தைந்து ஆட்டமுறைகளை முன்னதாகவே வரிசைப்படுத்தி எழுதிவிடுவார். திடலின் பரபரப்பில் எடுக்கும் முடிவைவிட, வாரநாளில் அறையில் அமர்ந்து தெளிந்த மனத்துடன் எடுக்கும் முடிவு சிறந்தது என்பதே அவர் கொண்ட காரணம்.

இதையே நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வேறொரு களத்தில் கண்டவர் புனித இஞ்ஞாசியார். அவரும் போர்வீரரே, 1521-இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் காலொடிந்தவர். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், ஆன்ம வறட்சியின் காலத்தில் எம்மாற்றமும் செய்யலாகாது என்றும், அதற்கு முன் ஆறுதலின் காலத்தில் எடுத்த தீர்மானத்தில் உறுதியாக நிற்க வேண்டும் என்றும் அவர் நெறி வகுத்தார். அதே நூலில் மற்றொரு வழியும் காட்டுகிறார். முடிவெடுக்கத் தடுமாறுபவர், தாம் ஒருபோதும் கண்டறியாத ஒரு மனிதரைக் கற்பனை செய்து, அவருக்கு முழு நன்மையை விரும்பி, என்ன அறிவுரை கூறுவோம் என்று எண்ணிப் பார்த்து, அதையே தாமும் பின்பற்ற வேண்டும் என்கிறார். தாம் இறங்கி ஆடாத ஆட்டத்துக்குத் திட்டம் வகுப்பவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நாம் நம்மைச் சற்றே விலகி நின்று பார்க்கும்போது, ஆசையின் இழுப்பும் அச்சத்தின் அழுத்தமும் தளர்கின்றன.

அச்சம் எவ்வாறு முடிவைக் கெடுக்கிறது என்பதற்கு அவ்விளையாட்டின் நான்காம் முயற்சியே சான்று. மூன்று முயற்சிகளில் பத்துக் கஜம் முடியாதபோது, பெரும்பாலான பயிற்சியாளர்கள் கடைசி முயற்சியில் துணியாமல் பந்தைத் தொலைவுக்கு உதைத்துவிடுவர். பொருளியல் அறிஞர் டேவிட் ரோமர் 1998 முதல் 2000 வரையிலான பருவங்களின் ஆட்டங்களை ஆராய்ந்து, 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், துணிந்து ஆடியிருந்தால் வெற்றி வாய்ப்பு மிகுந்திருக்கக் கூடிய பல நிலைகளில் அணிகள் உதைத்தே விட்டுவிட்டன என்று காட்டினார். ஏன் அவ்வாறு செய்தனர்? எல்லாரும் செய்வதைச் செய்து தோற்றவரை எவரும் குறை கூறுவதில்லை. புதிதாகத் துணிந்து தோற்றவரை ஊரே தூற்றும். வெற்றியை நாடுவதாக எண்ணியவர்கள், பழியிலிருந்து தப்புவதையே நாடியிருக்கக் கூடும். பின்வந்த ஆண்டுகளில், அமைதியில் கணக்கிட்டு வைத்த அட்டவணைகளைக் கையில் கொண்டு, நான்காம் முயற்சியில் துணியும் அணிகள் பெருகின.

இங்கே ஒரு மறுப்பு எழும். வாழ்க்கை அட்டவணையில் அடங்குமா? ஓய்வுநாள் சட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு, சூம்பிய கையுடன் எதிரே நின்ற மனிதனைக் காணத் தவறியவர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லையா? நாளையைக் குறித்துக் கவலைப்படாதீர் என்று அவரே மொழியவில்லையா? இம்மறுப்பு வலிமையுடையது, தட்டிக்கழிக்கத் தக்கதன்று.

விவேகம் என்னும் நற்பண்பைப் பகுத்தாராய்ந்த புனித தோமா அக்குவினாஸ், முன்னறிந்து ஏற்பாடு செய்யும் ஆற்றலை அதன் உறுப்பாகக் கூறினார். எதிர்பாராத நிலையில் சட்டென்று சரியானதைக் கண்டுகொள்ளும் கூர்மையையும் அதே விவேகத்தின் உறுப்பாகவே கூறினார். கலந்தாராய்தல், தீர்ப்பிடுதல், ஆணையிடுதல் என்னும் மூன்று செயல்களில் ஆணையிடுவதே விவேகத்தின் தலையாய செயல் என்பதும் அவர் கருத்து. முதலிரண்டையும் அமைதியில் செய்துவைக்கலாம். மூன்றாவதை அந்தந்த நொடியில் மனிதன்தான் செய்தாக வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் 1994 முதல் பயிற்சியாளரின் குரல் பந்தெறியும் தலைவனின் தலைக்கவசத்துக்குள் ஒலிக்கிறது. ஆனால் பந்தை எடுப்பதற்குரிய கெடுவில் பதினைந்து நொடிகள் மிஞ்சியிருக்கும்போது அக்குரல் துண்டிக்கப்படும். அதன்பின் எதிரணி நிற்கும் நிலையைக் கண்ணால் கண்டு, தேவையானால் திட்டத்தை மாற்றும் உரிமை அவனுடையது. திட்டத்தை அறியாதவனால் அதை நன்றாக மாற்றவும் முடியாது.

எப்போது மாற்றலாம்? நாம் தரும் விடை இது: புதிய உண்மை தெரியவந்தால் மாற்றலாம், புதிய அச்சம் தோன்றியதற்காக மாற்றலாகாது. சூம்பிய கையுடைய மனிதன் ஓர் உண்மை. இரக்கம் அவ்வேளையில் சட்டத்தின் நோக்கத்தையே நிறைவேற்றியது. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு கண்ட பணிப்பெண்ணின் கேள்வியில் புதிய உண்மை ஏதும் இல்லை; அச்சமே இருந்தது. இரவுணவின்போது அவர் எடுத்த தீர்மானம் நல்லதுதான். ஆனால் தம் வலிமையை அளக்காமல் எடுத்தது. தானியேலோ அரசனின் உணவால் தம்மைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்று முதலிலேயே உள்ளத்தில் உறுதி கொண்டு, பத்து நாள் சோதித்துப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டினார். முன்முடிவும் தன்னறிவும் அவரிடம் இணைந்திருந்தன.

முடிவு நல்லதாயினும் பயன் தீதாகலாம் என்பதையும் நாம் ஏற்கக் கற்க வேண்டும். 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த 'சூப்பர் பவுல்' இறுதி ஆட்டத்தில் சியாட்டில் அணி வெற்றிக்கு ஒரே ஒரு கஜத் தொலைவில் நின்றது; அரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிஞ்சியிருந்தது. வலிமை மிக்க ஓட்டக்காரர் ஒருவர் அணியில் இருந்தும், பயிற்சியாளர் பீட் கேரலின் அணி பந்தை எறிந்தது. எதிரணியான நியூ இங்கிலாந்தின் இளம் வீரர் மால்கம் பட்லர் அதை இடைமறித்துப் பிடித்தார். 28-க்கு 24 என ஆட்டம் முடிந்தது. மறுநாள் நாடே கேரலைப் பழித்தது. பந்து தரையில் விழுந்திருந்தால் கடிகாரம் நின்று மேலும் இரு வாய்ப்புகள் கிடைத்திருக்கும் என்ற கணக்கை அமைதியாகக் கேட்டவர் சிலரே. பட்லரோ அந்த வாரப் பயிற்சியில் அதே ஆட்டமுறையில் தோற்றுப் பாடம் கற்றிருந்தவர். கல்வாரியின் வெள்ளிக்கிழமை மாலையில் பயனை மட்டும் பார்த்துத் தீர்ப்பிட்டவர் என்ன கூறியிருப்பர்? கெத்சமனித் தோட்டத்தில் வியர்வை சிந்தி எடுக்கப்பட்ட முடிவின் நன்மையை அன்றைய பயனைக் கொண்டு அளக்க இயலாது.

விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் உள்ள வேற்றுமையையும் சொல்லாமல் விடலாகாது. விளையாட்டில் எதிரே நிற்பவரைக் குழப்புவது நெறியே; அதனால்தான் எண்பதுக்கு இருபது என்று கலக்கிறோம். வாழ்வில் எதிரே நிற்பவர் அயலார். அவரை ஏமாற்ற நமக்கு உரிமை இல்லை. மேலும், மனச்சான்றின் அட்டவணையில் சில வரிகளுக்கு விழுக்காடே கிடையாது. பத்தில் எட்டு முறை நேர்மையாயிருப்பேன் என்று எவரும் எழுத முடியாது. மகன் திருமணத்தில் வரதட்சணை கேட்பதில்லை என்பதைப் பெண்வீட்டார் வாயிலில் வந்து நிற்கும்போது யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

இதனினும் கடினமான வரி ஒன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுதப்படாமலே கிடக்கிறது. முதிய தந்தையோ தாயோ இறுதி நோயில் கிடக்க, தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் பிள்ளைகள் நிற்கின்றனர். பயனளிக்காத, பெருஞ்சுமையான சிகிச்சையைத் தொடர்வதா, வலி தணித்து இறைவனிடம் ஒப்படைப்பதா? உயிரைப் பறிப்பது எந்நாளும் ஆகாது என்றும், ஆனால் அசாதாரண வழிகளைக் கையாளக் கடமை இல்லை என்றும் திருச்சபை தெளிவாகக் கற்பித்திருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே மருத்துவர்களிடம் இதை விளக்கினார். இருந்தும் அவ்வாயிலில் பல வேளைகளில் முடிவெடுப்பது அன்பன்று. உறவினர் என்ன சொல்வர் என்னும் அச்சமே. நான்காம் முயற்சியில் பந்தை உதைத்துவிடும் பயிற்சியாளர் நம் வீட்டிலும் இருக்கிறார். பெற்றோர் நலமாயிருக்கும் நாளில், செபத்துக்குப் பின் குடும்பமாக அமர்ந்து, அவர்கள் விருப்பம் என்ன என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவைத்தால், அவ்வாயிலில் நிற்கும் பிள்ளைகளின் பாரம் எத்துணை குறையும்!

நாளையைக் குறித்துக் கவலைப்படுவது வேறு. நாளைக்கென இன்று தீர்மானம் செய்வது வேறு. கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவதையும், பதினாயிரம் பேரைக் கொண்ட அரசன் இருபதாயிரம் பேரை எதிர்க்கும் முன் அமர்ந்து எண்ணிப் பார்ப்பதையும் உவமையாகச் சொன்னவர் ஆண்டவரே. இரண்டு உவமைகளிலும் அந்த மனிதர்கள் முதலில் உட்காருகின்றனர். அவ்வாறு அமர்வதற்கு நமக்கும் இவ்வாரத்தில் ஒரு மாலைப்பொழுது கிடைக்காமல் போகாது. மனம் அமைதியாய் இருக்கும் அப்பொழுதே நம் தீர்மானங்களை எழுதுவோம். புயல் வரும் நாளில் அவற்றைக் காத்துக்கொள்ளும் துணிவை இறைவனிடம் கேட்போம்.