பூக்குமுன் பிடுங்குவோம்



கோதுமை வயலில் பகைவன் களை விதைத்துப் போன உவமையை நாம் அறிவோம் (மத். 13). களையைப் பிடுங்க ஊழியர் துடித்தனர். தலைவரோ அறுவடைவரை பொறுத்திருக்கச் சொன்னார். அந்த வயல் உலகம். பயிரும் களையும் மனிதர். ஆகவே, மனிதரைத் தீர்ப்பிட அவசரப்படலாகாது என்பதே ஆண்டவர் புகட்டும் பாடம். அதைச் சாட்டாக வைத்து நம் வளவில் பாத்தீனியத்தை வளரவிடுவது பொறுமையன்று, சோம்பல்.

கரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூவும் கொண்ட இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1987இல் இந்தியப் படையினர் வந்தபோது, அவர்களுடைய ஆடுகளோடு வடபகுதிக்கு வந்ததாகச் சொல்வர். யார் கொண்டுவந்தார் என்று பேசிக்கொண்டு படலையடியில் நிற்பதால் ஒரு செடியும் குறையப் போவதில்லை. தொட்டவர் தோலிலே கடியும் சொறியும், மகரந்தத்தைச் சுவாசித்தவருக்குத் தொய்வும் உண்டாகலாம். தின்ற பசுவின் பாலும் கசக்கும்.

முளைத்து ஒரு மாதமளவில் பூத்துவிடும். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். காற்றும் வெள்ளமும் வண்டிச் சில்லும் அவற்றை அயலவன் தோட்டத்துக்குக் கொண்டுபோகும். நம் அசட்டையின் பலனை அறுப்பவன் அயலவனே! அவனை நேசிக்கும் கடமை நம் வேலியோடு முடிந்துவிடுமோ?

ஆகவே, மழை பெய்து நிலம் இளகியிருக்கையில், பூக்குமுன்பே வேரோடு பிடுங்குங்கள். கையுறை அணியுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். சிறுபிள்ளைகளையும் தொய்வுக்காரரையும் இவ்வேலைக்கு விடாதீர்கள். பூத்த செடியை உதறாமல் பைக்குள் இட்டுக் கட்டுங்கள், எருக்குழியில் போடவேண்டாம். கண்டபடி நஞ்சு தெளிக்கவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கும். அந்தக் கிணற்றில் அயலவனும் அள்ளுகிறான்.

பிடுங்கியதோடு வேலை தீரவில்லை. கூட்டித் துப்புரவாக்கி வெறுமையாய் விட்ட வீட்டுக்குத் தீய ஆவி இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததாக ஆண்டவர் சொன்னாரே (லூக். 11). வெறும் நிலமும் அப்படித்தான். விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்கும். பயறோ கௌப்பியோ விதைத்து நிலத்தை நிரப்புங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திரும்பிப் பாருங்கள்.

பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாரா? ஒரு சொல் கேட்டு, அங்குள்ளதையும் பிடுங்கிவிடுங்கள். அதுவும் பிறரன்புப் பணியே.

இரவுச் செபவேளையில் நம் உள்ளத்தையும் இவ்வாறே சோதிப்போம். சிறு கோபம், சிறு பொறாமை, சிறு பொய்: முளையிலே இவை இலேசாய் வரும், பூத்து விதைத்தபின் பிள்ளைகளின் உள்ளத்திலும் முளைக்கும். தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி ஆதி மனிதனை வைத்த இறைவன் (ஆதி. 2:15), நம் வளவையும் உள்ளத்தையும் காக்க வரமருள்வாராக.