பச்சோந்திக்குப் பசிக்கவில்லையா?



இந்த மாதச் சமயச் சிந்தனையை எழுதச் சொன்னபோது தேவாரத்திலிருந்தோ கீதையிலிருந்தோ ஏதாவது எடுத்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன. ஆனால் போன விடுமுறை முழுக்க எனக்குப் பாடம் நடத்தியது வேறு ஒரு குரு. நாலு கால், நீண்ட நாக்கு. ஒரு கண் முன்னால் பார்த்தால் இன்னொரு கண் பின்னால் பார்க்கும். பச்சோந்திதான்! சிரிக்காதீர்கள், கொஞ்சம் கேளுங்கள்.

நம் தோட்டத்து வேலிகளில் ஓடுகிறதே, மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்கிறார்களே, அது ஓணான் வகை. நிறம் மாற்றும், ஆனால் உண்மையான பச்சோந்தி இல்லை. என்னிடம் வந்தது ஏமன் நாட்டுப் பச்சோந்தி, பெண். விடுதியில் ஒரு நண்பன் வளர்த்தது. படிப்பு முடிந்து சபாவுக்குத் திரும்பும்போது கூண்டோடு என் கையில் கொடுத்துவிட்டான். விடுமுறைக்கு அதை புக்கிட் ரோத்தானில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். பாட்டி பார்த்ததுமே 'பச்சையம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் பிரச்சினை அம்மா. கடையில் செங்கெரிக் என்று உயிரோடு விற்கிறார்களே, அந்தப் பூச்சிதான் இதற்குச் சாப்பாடு. "வெள்ளிக்கிழமை வெளக்கேத்துற வீட்டுல உயிரைப் புடிச்சு எரையா போடுறியா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் செம்பருத்தி இலை வைத்துப் பார்த்தேன். இந்த வகை கொஞ்சம் இலையும் தின்னும், ஆனால் அது மட்டும் போதாது.

அப்போதுதான் சிபிச் சக்கரவர்த்தி கதையை அம்மாவிடம் சொன்னேன். புறாவைக் காப்பாற்றிய சிபி, பருந்தைப் பார்த்து 'இனிமேல் நீ புல்லைத் தின்னு' என்று சொல்லவில்லையே! பருந்தின் பசியும் நியாயம் என்று ஒத்துக்கொண்டுதானே தன் சதையை அறுத்துத் தராசில் வைத்தார்? கொல்லாமை நமக்கு விரதம். அதைப் பச்சோந்தியின் மேல் ஏற்ற முடியுமா? அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, சாமி ரூம் பக்கம் வேணாம். பின்னால கொண்டு போய் வை" என்றார்.

அடுத்ததுதான் பெரிய பிரச்சினை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பச்சையம்மா திடீரென்று 'செலக்ட்' பண்ண ஆரம்பித்தாள். இன்றைக்கு ரெண்டு பூச்சி, நாளைக்கு ஒன்று, அப்புறம் ஒன்றுமே இல்லை.

நான் பொறியியல் மாணவன். சும்மா இருப்பேனா? எக்செல் திறந்து அட்டவணை போட்டேன். விளக்கின் வெப்பத்தை 30 டிகிரியில் நிறுத்தினேன். புற ஊதா விளக்கைச் சரிபார்த்தேன். அது இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, எலும்பு வளைந்துவிடும். கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர் இதன் கண்ணில் படுவது அபூர்வம், இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். அதனால் காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளித்தேன். பூச்சியையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒன்பது நாள். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் 0, 0, 0. "சரியான அழுத்தக்காரி. ராங்கி பண்ணுது" என்று வெறுத்துப்போய்ச் சொன்னேன்.

பாட்டி இளமையில் பெஸ்தாரி ஜெயா பக்கம், அவர் கணக்கில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எக்செல் தெரியாது. மத்தியானம் வெற்றிலைப் பையோடு கூண்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, மரத்துல இருக்குறவ ரெண்டு நாளா தரையிலேயே சுத்துறா பாத்தியா? மூலைய மூலையச் சுரண்டுறா. முட்டைக் கோழி இப்படித்தான் எரை எடுக்காம எடம் தேடும். இவளுக்கு மண்ணு வேணும்."

"ஆண் பச்சோந்தியே இல்லையே பாட்டி!"

"ஏன், சேவல் இல்லாம கோழி முட்டை போடாதா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. விலங்கு மருத்துவரிடம் ஓடினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். இந்த வகைப் பெண் பச்சோந்தி இணை சேராமலேயே கருவுறாத முட்டை வைக்கும். அந்தச் சமயத்தில் சாப்பாட்டைக் குறைக்கும், நிறுத்தியும்விடும். தோண்ட ஈரமண் கிடைக்கவில்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்து. நான் ராங்கி என்று சொன்னேனே, அது சாவோடு போராடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஒரு வாளியில் மணலும் மண்ணும் கலந்து, ஈரமாக்கி, ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பிக் கூண்டுக்குள் வைத்தேன். குனிந்து பார்த்துக்கொண்டே நின்ற என்னைப் பாட்டி விரட்டினார். "போடா அந்தப் பக்கம். பொம்பளப் புள்ளைக்குக் கூச்சம் இருக்காதா?" துணியைப் போட்டு மூடினோம். மறுநாள் தோண்டினாள். அதற்கு அடுத்த நாள் குழியைத் தானே மூடிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்திருந்தாள், ஒட்டிப்போய். மண்ணைக் கிளறி எண்ணினேன்: 34 முட்டை. தண்ணீர் தெளித்ததும் நக்கினாள், நக்கினாள், நிறுத்தவே இல்லை. மூன்றாம் நாள் நாக்கு சுண்டியது, பூச்சி காணோம்! அம்மாதான் முதலில் கைதட்டினார்.

இளைஞர்களே, இனிமேல்தான் சமயம்.

ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் (1836–1886) ஒரு பச்சோந்திக் கதை சொல்வார். மரத்தில் சிவப்பாக ஒன்றைப் பார்த்தேன் என்றான் ஒருவன். இல்லை, பச்சை என்றான் இன்னொருவன். நீலம், மஞ்சள் என்று சண்டை வளர்ந்தது. அந்த மரத்தடியிலேயே குடியிருந்தவன்தான் தீர்ப்புச் சொன்னான்: நீங்கள் எல்லாரும் சொல்வது உண்மை. அது நிறம் மாறும், சில சமயம் நிறமே இல்லாமலும் இருக்கும். இறைவனைப் பற்றி அவர் சொன்ன கதை இது. சும்மா வந்து போகிறவனுக்கு ஒரு நிறம்தான் தெரியும். மரத்தடியில் உட்கார்ந்தவனுக்கே முழுதும் தெரியும். எங்கள் வீட்டில் மரத்தடியில் உட்கார்ந்தது பாட்டி. நான் வந்து வந்து போனவன்.

இன்னொரு கதை பாகவதம் 10ஆம் ஸ்கந்தம், 64ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. துவாரகையின் இளைஞர்கள், நம்மை மாதிரிப் பசங்கதான், விளையாடிக் களைத்துத் தண்ணீர் தேடிப் போனார்கள். பாழுங்கிணற்றில் மலை போல ஓர் ஓணான் கிடந்தது. தங்கள் தாகத்தை மறந்து, கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. கண்ணன் வந்து இடது கையால் தூக்கினான். ஓணான் நிருக மகாராஜாவாக எழுந்தது. மணலைப் போல, நட்சத்திரத்தைப் போல எண்ண முடியாத பசுக்களைத் தானம் செய்தவர் அவர். அப்படிப்பட்டவர் ஏன் ஓணான் ஆனார்? வேறொருவருடைய பசு அவர் மந்தையில் கலந்திருந்தது. அது தெரியாமல் அதையும் தானம் செய்துவிட்டார்.

தெரியாமல் செய்த பிழைக்கு இவ்வளவு தண்டனையா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் பல விளக்கம் சொல்வார்கள். எனக்கு இப்போது படுவது இதுதான்: நிருகர் எண்ணிக்கையைப் பார்த்தார், எதிரில் நின்ற பசுவைப் பார்க்கவில்லை. என் அட்டவணையும் அதே ஜாதிதான்.

நம் சேவையும் சில நேரம் அப்படித்தானே நடக்கிறது? எங்கள் தோட்டத்துச் சமய வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் நின்றுவிட்டான். வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே 'ஆர்வம் இல்லை' என்று எழுதியவன் நான்தான். பச்சையம்மா பிழைத்த வாரம் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பந்து விளையாட்டைப் பற்றித்தான் பேசினோம். அப்புறம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அம்மா வேலைக்குப் போகிறார். மூன்று வயதுத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள இவன்தான். "தங்கச்சியக் கூட்டிட்டு வந்தா ஏசுவீங்கன்னு நெனச்சேண்ணே" என்றான். நாங்கள் கேட்கவே இல்லையே! இப்போது தங்கச்சியும் வகுப்புக்கு வருகிறாள். கையில் பிஸ்கட்டோடு பாயில் உட்கார்ந்து, எல்லாரும் பாடி முடித்த பிறகு 'நமச்சிவாயா' என்று கத்துகிறாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பச்சோந்தி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பச்சோந்திகள் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள விலங்குகள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அனுமதி விவரத்தை பெர்ஹிலித்தானிடம் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். முடியவில்லை என்று செம்பனைக் காட்டில் விட்டுவிடுவதும் தர்மம் ஆகாது. அது இந்த மண்ணின் உயிர் இல்லை. கையேற்றால் கடைசி வரை காப்பாற்ற வேண்டும்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் சாப்பிடாத தாத்தா இருக்கலாம், பேசாத தம்பி இருக்கலாம், கூட்டத்துக்கு வராத ஓர் உறுப்பினர் இருக்கலாம். 'அவன் அப்படித்தான்' என்று எழுதி மூடுவதற்கு முன்னால், நாற்காலியைப் போட்டு மூன்று நாள் எதிரே உட்காருங்கள்.

உபயம்: எங்கள் பாட்டி.

திருச்சிற்றம்பலம்.