ஜெபமாலையும் ஓங்காரமும்

மாலையில் ஜெபமாலை சொல்லும் வீட்டில் ஒரு முறை உண்டு. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்வார். பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். சொல்கிறவரின் மூச்சு சொல்லோடு வெளியே போகும். அடுத்தவர் முறை வரும்போது நிதானமாக உள்ளே வாங்கிக்கொள்வார். ஒரு ஜெபமாலையில் இப்படி 53 முறை.

இந்த மூச்சைத்தான் இத்தாலியின் பவியா பல்கலைக்கழக மருத்துவர் லூசியானோ பெர்னார்டி கணக்கெடுத்தார். 23 பேரை அதே ஜெபத்தை இலத்தீனிலும், 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரத்தையும் சொல்லவைத்தார். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 முறை மூச்சுவிட்டவர்கள் இரண்டிலுமே 6 முறைக்கு இறங்கிவிட்டார்கள். 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது.

அந்த 6இல்தான் விஷயம் இருக்கிறது. இரத்த அழுத்தம் ஒரே சீராக நிற்பதில்லை. ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று அதற்கு உண்டு. மூச்சும் 10 விநாடிக்கு ஒன்றானால் இரண்டும் ஒத்துப்போகின்றன. அழுத்தம் கூடினால் இதயத் துடிப்பைத் தணித்தும் குறைந்தால் முடுக்கியும் உடல் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அப்போது இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. இதய நோயாளிகளிடம் இந்த ஏற்பாடு மந்தமாவது கெட்ட அறிகுறி. ஆகவே இது சின்ன லாபமல்ல.

அப்படியானால் எதைச் சொன்னாலும் ஒன்றுதானா?

மனத்துக்குள் மந்திரம் சொல்லித் தியானிப்பவர்களின் உடலில் ஆக்ஸிஜன் செலவு குறைவதை ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் 1970களின் தொடக்கத்தில் கண்டார். பிறகு 'ஒன்று' என்ற வெறும் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் அதே ஓய்வு கிட்டும் என்றார். பக்தர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆனால் பெங்களூரு நிம்ஹான்ஸில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 12 பேரை எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, 'ம்' நீளும்படி ஓம் என்று உரக்கச் சொல்லச் சொன்னார்கள். அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா உள்ளிட்ட மூளைப் பகுதிகள் அடங்கின. 'ஸ்ஸ்' என்று இழுத்தபோது அடங்கவில்லை. காதருகே எழும் அதிர்வு உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பைத் தூண்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 12 பேர் மிகக் குறைவு. ஆனாலும் ஒலிக்கு ஒலி வேறுபாடு உண்டா என்ற கேள்வியை இது உயிரோடு வைக்கிறது. ஓம் சொன்னால் சர்க்கரை நோய் பறந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

இவையெல்லாம் சொல்கிறவருக்குக் கிடைப்பவை. பிறருக்காக வேண்டினால்? அதையும் பென்சன் குழு சோதித்தது. அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1802 பேர். முடிவு 2006இல் வந்தது. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதவர்களில், நடந்த குழுவில் 52 சதவீதத்தினருக்கும் நடக்காத குழுவில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல் வந்தது. நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம்! அந்நியர்களைக் கூட்டி வேண்டவைக்கும் அளவுக்கா நம் நிலைமை மோசம் என்ற பயமாக இருக்கலாம்.

நாத்திகர்கள் இதை வெற்றியாகக் கொண்டாடியது அவசரம். அங்கே வேண்டியவர்கள் நோயாளியை முன்பின் அறியாதவர்கள். முதற்பெயரையும் ஓர் எழுத்தையும் வைத்துக்கொண்டு 14 நாள் வேண்டினார்கள். மனைவியும் பிள்ளைகளும் வராந்தாவில் உட்கார்ந்து செய்த பிரார்த்தனையை எந்தக் குழுவிலும் யாரும் தடுக்கவில்லை. அது கணக்கில் வரவே இல்லை.