கணித்த பிறகே கை வை!

கல்யாணப் படம் ஒன்று திரையில் இருக்கிறது. மேலே ஒரு லேயர் போட்டுவிட்டாய். அடுத்து என்ன செய்கிறாய்?

லேயர்கள் எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லும் பிளெண்ட் மோட் பட்டியலைத் திறக்கிறாய். மல்டிப்ளை, பிடிக்கவில்லை. ஸ்கிரீன், வெளுத்துப் போனது. ஓவர்லே, பரவாயில்லை. சாஃப்ட் லைட், சரி, இதுவே இருக்கட்டும்!

இது வேலையா? லாட்டரி!

ஏன் சாஃப்ட் லைட் வைத்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? "நல்லா இருந்துச்சுண்ணே" என்றா? நாளைக்கு வேறு படம் வரும். அதே மோட் அதில் சொதப்பும். அப்போது யாரைக் கேட்பாய்?

இன்னும் எத்தனை வருடம் இப்படியே ஓட்டப் போகிறாய்?

சாக்குகள் இருக்கின்றன, இல்லையா? ஒவ்வொன்றாகக் கொண்டு வா. இங்கேயே உடைப்போம்!

"போட்டோஷாப்புல 27 மோட் இருக்கு. எல்லாத்தையும் எப்படி ஞாபகம் வெச்சுக்குறது?"

பட்டியலின் நடுவே கோடு கோடாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, ஒரு நாளாவது கவனித்தாயா?

மொத்தம் ஆறு கூட்டம். முதல் கூட்டம் கீழே இருப்பதை மூடும். இரண்டாவது இருட்டாக்கும். மூன்றாவது வெளிச்சமாக்கும். நான்காவது முந்தைய இரண்டின் கணக்கையும் சேர்த்துக் கான்ட்ராஸ்டில் கை வைக்கும். ஐந்தாவது கீழ்ப்படத்தையும் மேல்படத்தையும் ஒப்பிடும். ஆறாவது நிறத்தை ஒன்றிலிருந்தும் வெளிச்சத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

27 பெயர்களைப் பார்த்து மிரண்டாய். ஆறு வேலைகளைப் பார்த்துமா மிரள்வாய்?

"எனக்குக் கணக்கு வராதுங்க."

பொய்! அரையில் அரை எவ்வளவு?

கால். சொல்லிவிட்டாயே! மல்டிப்ளை மொத்தமும் அவ்வளவுதான்.

கருப்பு 0. வெள்ளை 1. நடுச் சாம்பல் அரை. மேல் லேயரின் எண்ணையும் கீழ் லேயரின் எண்ணையும் பெருக்கு. அரையும் அரையும் கால் ஆகிறது. கால் என்றால் இன்னும் இருட்டு. மல்டிப்ளை ஏன் இருட்டாக்குகிறது என்பது இப்போது உனக்குத் தெரியும்!

எந்த எண்ணையும் ஒன்றால் பெருக்கினால்? அதே எண். அதனால்தான் வெள்ளைத் தாளில் போட்டு ஸ்கேன் செய்த கையெழுத்தை மல்டிப்ளையில் வைத்தால் தாள் மறைந்து மை மட்டும் நிற்கிறது.

தாள் முழுதாக மறையவில்லையா? லேசாக அழுக்குப் போலத் தெரிகிறதா? உடனே சோர்ந்து போகாதே, யோசி! உன் தாள் 1 இல்லை, 0.9. லெவல்ஸைத் திறந்து வெள்ளையை முழு வெள்ளையாக்கு. போய்விடும்.

பார்த்தாயா? காரணம் தெரிந்தவனுக்குத் தோல்வியே வழி காட்டும். காரணம் தெரியாதவன் அடுத்த மோடைத் தட்டுவான்.

ஸ்கிரீன்? இரண்டையும் தலைகீழாக்கு. பெருக்கு. விடையை மறுபடி தலைகீழாக்கு. இப்போது அரையும் அரையும் முக்கால்! வெளிச்சம் கூடுகிறது. இங்கே மறைவது கருப்பு. இரவு வானத்தில் வெடித்த வாணவேடிக்கையை இன்னொரு படத்தின் மேல் கொண்டுவர வேண்டுமா? ஸ்கிரீனில் வை. வெட்டவே வேண்டாம்.

ஓவர்லே? கீழ்ப்படத்தின் இருட்டான இடங்களில் மல்டிப்ளை கணக்கு. வெளிச்சமான இடங்களில் ஸ்கிரீன் கணக்கு. மேலே நடுச் சாம்பல் இருந்தால் எதுவும் மாறாது.

எதுவும் மாறாத லேயர் எதற்கு என்கிறாயா? அங்கேதான் உன் கைக்கு வேலை! படத்தின் மேல் 50 சதவீதச் சாம்பல் லேயர் ஒன்றை நிரப்பு. ஓவர்லேயில் வை. மெல்லிய பிரஷ்ஷில் வெள்ளை தீட்டினால் அந்த இடம் மட்டும் துலங்கும். கருப்பு தீட்டினால் அந்த இடம் மட்டும் அடங்கும். ஃபிலிம் காலத்தில் இருட்டறையில் நின்று, தாளின் ஒரு பகுதிக்கு ஒளியை மறைத்தும் இன்னொரு பகுதிக்குக் கூட்டியும் செய்த வேலை இது. அவர்களுக்கு அன்டூ கிடையாது. உனக்கு இருக்கிறது!

"போட்டோஷாப் வாங்கக் காசில்லை."

கிம்ப் இலவசம். கிருத்தா இலவசம். இரண்டிலும் மல்டிப்ளை உண்டு, ஸ்கிரீன் உண்டு, ஓவர்லே உண்டு. கிம்ப்பைத் தொடங்கியவர்களே இரண்டு கல்லூரி மாணவர்கள்தான். பெருக்கல் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை!

"என் சிஸ்டம் பழசு."

1987. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர், தாமஸ் நோல். அவரிடம் இருந்த மேக்கின்டோஷ் பிளஸ்ஸின் திரைக்குக் கருப்பும் வெள்ளையும்தான் தெரியும். சாம்பல் நிறத்தைக் காட்டவே வராது.

புதுசு வாங்கும்வரை காத்திருந்தாரா? இல்லை! அதே திரையில் சாம்பல் நிறம் தெரிய வழி செய்யும் நிரலை உட்கார்ந்து எழுதினார். அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 1990 பிப்ரவரியில் அது போட்டோஷாப்பாக வெளிவந்தது. அதிலும் லேயர் கிடையாது. லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில்.

உன் பழைய சிஸ்டத்தில் இன்றைக்கு லேயர் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

"தப்பாயிடுச்சுன்னா?"

இந்தப் பயம்தான் உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. இதற்கு ஒரே கேள்வி: தப்பானால் என்ன கெட்டுப் போகும்?

மோடை மாற்றினால் கீழே இருக்கும் படத்தில் ஒரு பிக்சல்கூட அழிவதில்லை. நார்மலுக்குத் திரும்பு, எல்லாம் பழையபடி. ஒப்பாசிட்டியைக் குறை, பாதி வீரியம். தவறுக்கு அபராதமே இல்லாத இடம் இது! இங்கேயும் பயந்தால் வேறு எங்கே துணிவாய்?

எழுந்திரு. பயிற்சிக்கு வா!

புது ஃபைல் ஒன்றைத் திற. கீழ் லேயரை 200 சாம்பலால் நிரப்பு. அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 200. மேல் லேயர் 100. வெள்ளை என்பது இங்கே 255.

மோடைத் தொடாதே! முதலில் நோட்டை எடு. விடையை எழுது. அதன் பிறகு மாற்று. இன்ஃபோ பேனலில் எண்ணைப் பார்.

மல்டிப்ளை: 200ஐ 100ஆல் பெருக்கி 255ஆல் வகுத்தால் 78. ஸ்கிரீன்: 222. ஓவர்லே: 188. ஸ்கிரீனில் வெள்ளைக்கு 33 குறைந்தது, ஓவர்லேயில் 67. ஏன் இரட்டிப்பானது? நான் சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி!

விடை தப்பிவிட்டதா? தலைகீழாக்க மறந்தாயா? கீழ் லேயர் எது, மேல் லேயர் எது என்று குழம்பினாயா? தேடு. திருத்து. எண்களை மாற்றி மறுபடி கணி.

கணக்கு கைக்கு வந்ததும் நிஜப் படத்துக்குப் போ. தாத்தாவின் கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் கலர் மோடில் ஒரு லேயர் வைத்துச் சட்டைக்கு நிறம் தீட்டு. மடிப்பும் நிழலும் கீழிருந்து அப்படியே வரும். ஒரே அளவுள்ள இரண்டு ஃபைல்களில் எங்கே மாற்றம் என்று தெரியவில்லையா? ஒன்றன் மேல் ஒன்று வைத்து டிஃபரன்ஸ் கொடு. ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் முழுக் கருப்பு. கருப்பாகாத இடத்தில்தான் மாற்றம்!

இனி பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்: "இது இருட்டாகும். வெள்ளை போகும். மை நிற்கும்." சொன்ன பிறகு சொடுக்கு.

சொன்னது நடந்தால் அந்தப் படம் உன்னுடையது. நடக்காவிட்டால் அந்தப் பாடம் உன்னுடையது. இரண்டில் எது கிடைத்தாலும் உனக்கு லாபம்தான். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டுமே நஷ்டம்!

நோட்டை எடுத்துவிட்டாயா? எழுது!