அடுப்படியில் கிடைத்த அருள்

மனித பிரயத்தனம் பெரிதா, ஈசுவர கிருபை பெரிதா என்னும் விசாரம் மிகப் பழையது. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியையும் திருஷ்டாந்தமாகக் காட்டி ஆசாரியர்கள் தர்க்கித்து ஓயாத அந்த விசாரத்துக்கு, ஏட்டைத் தொடும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த ஒரு வங்காளப் பெண்மணி, தம் வாழ்க்கையையே விடையாக எழுதி வைத்துப் போயிருக்கிறார்.

அவர் ராஸசுந்தரி தேவி. பன்னிரண்டு வயதில் மணமாகிப் புகுந்த வீட்டில், பன்னிரண்டு மக்களைப் பெற்று, பெற்றவர்களிற் பலரைப் பறிகொடுத்து, ஓய்வென்பதே அறியாமல் உழைத்தவர். கணவருடைய குதிரை ஒரு நாள் முற்றத்தில் குவித்திருந்த தானியத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, அதை விரட்ட வெளியே வராமல், கணவரின் குதிரைக்கு எதிரே முகம் காட்டுவதா என்று நாணி உள்ளேயே ஒதுங்கி நின்றாராம். வாயில்லாப் பிராணிக்கா இவ்வளவு அஞ்சினோம் என்று பிற்பாடு அவரே தம்மை நகைத்துக்கொண்டார்.

அத்தகையவருக்கு, பகவானுடைய சரிதத்தைத் தம் கண்ணாலேயே வாசிக்க வேண்டும் என்ற தாகம் எப்படியோ பிறந்தது. படித்த பெண் விதவையாவாள் என்று ஊர் நம்பிய காலம் அது. 'சைதன்ய பாகவத'ச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை யாரும் அறியாமல் உருவி, மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலையோடு அதன் எழுத்துகளை ஒப்பிட்டு, சிறு வயதில் பிள்ளைகள் பாடம் சொல்லக் கேட்ட ஒலிகளை நினைவிலிருந்து தோண்டி எடுத்து, அடுப்பில் சோறு கொதிக்கையில் இடக்கையில் ஏட்டை மறைத்தபடி முக்காட்டினூடே நோக்கி நோக்கி, இருபத்தைந்து வயதுக்குமேல் அவர் வாசிக்கக் கற்றார். 1876-இல் அச்சேறிய அவருடைய 'ஆமார் ஜீவன்', வங்க மொழியின் முதல் சுயசரிதம் என்று போற்றப்படுகிறது.

இதை ஒப்பற்ற பிரயத்தனம் என்போம் நாம். அவரோ, எல்லாம் குலதெய்வமாகிய தயாமாதவனின் கருணை என்கிறார். பழைய காலத்துப் பணிவு என்று இதைக் கடந்துபோவது எளிது. ஆனால், எழுத்தறிவைத் தமக்குத் தந்தவன் ஈசுவரன் என்று அவர் சாற்றும்போது, அதை வீடு தரவில்லை, ஊர் தரவில்லை, ஆசாரம் தரவில்லை என்பதும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இறைவன் கொடுத்ததைப் பறிக்கும் அதிகாரம் எந்த ஆசாரத்துக்கு உண்டு?

ஆகவே, அந்தச் சமையற்கட்டில் பூனைக் குட்டி என்றும் குரங்குக் குட்டி என்றும் பேதம் இல்லை. தாகத்தைத் தந்தது கிருபை. ஏட்டை உருவியது அவர் கை. அந்தக் கை துணிந்ததையும் கிருபையின் கணக்கிலேயே அவர் எழுதிவிட்டதால், குற்றம் சாட்ட வருவோர் இறைவனிடமே வழக்குரைக்க வேண்டியவர் ஆனார்கள்.