எளியதின் இடம்

வெல்வதற்கென்றே ஆடும் ஆட்டத்தில், வலியவை பல இருக்க மெலிந்ததொன்றைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமையா, வீண் பெருமையா? இவ்வினா புதியதன்று. போர்க்களத்திலும் ஆட்சி மன்றத்திலும் பள்ளிக்கூட விளையாட்டு அணியிலும் அது பல உருவில் எழுந்திருக்கிறது. ஆயினும் அவ்விடங்களில் எவர் வலியர், எவர் மெலியர் என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. வலிமையை எண்ணால் அளந்து, அனைவரும் காணுமாறு எழுதி வைத்துவிட்டு, அதன் பின்னர் ஆட்டத்தைத் தொடங்கும் களம் கிடைக்குமானால் இவ்வினாவைச் சற்றுத் தெளிவாக ஆராயலாம். அத்தகைய களம் ஒன்று உண்டு. மாணவர் பலர் நன்கறிந்ததும், ஆசிரியர் சிலர் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவதுமான போக்கிமோன் என்னும் வீடியோ விளையாட்டே அது.

1996ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிய இவ்விளையாட்டில் கற்பனை உயிரினங்கள் ஒன்றோடொன்று பொருதுகின்றன. உயிராற்றல், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, விரைவு என ஆறு அடிப்படை எண்கள் ஒவ்வோர் உயிரினத்திற்கும் உண்டு. அவற்றின் கூட்டுத்தொகையைக் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடுவது ஆடுவோர் வழக்கம். கார்சாம்ப் என்னும் நாக உருவின் கூட்டுத்தொகை 600. 2006இல் வெளிவந்த பதிப்புகளில் அறிமுகமான பச்சிரிசு என்னும் மின்னணிலின் கூட்டுத்தொகையோ 405. அதன் தாக்குதல் எண் வெறும் 45. பார்ப்பதற்கு அழகியது; போட்டிக்கு உதவாதது என்பதே பொதுவான முடிபாய் இருந்தது.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வாஷிங்டன் நகரில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியில் அம்முடிபு அசைந்தது. தென்கொரியாவைச் சேர்ந்த செஜுன் பார்க் என்பவர் பச்சிரிசு இடம்பெற்ற அணியுடன் வந்து மூத்தோர் பிரிவின் பட்டத்தை வென்றார். அவ்வெற்றி எவ்வாறு விளைந்தது என்பது சற்று விரிவாகவே காணத்தக்கது.

அப்போட்டியில் இருபுறமும் இவ்விரண்டு உயிரினங்கள் ஒரே வேளையில் களத்தில் நிற்கும். பார்க்கின் அணியில் கியாரடோஸ் என்னும் பெருநாகம் முதன்மையான தாக்குநர். அது நீரும் வானும் சார்ந்தது. ஆதலின் மின்தாக்குதல் பட்டால் அதற்கு நான்கு மடங்கு கேடு விளையும். எதிரி அதன்மீது மின்னலைத்தான் ஏவுவான் என்பது குழந்தைக்கும் தெரியும். அணிலுக்கோ இரண்டு தன்மைகள் இருந்தன. எதிரியின் தாக்குதலைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் திறன் ஒன்று; தன்மேல் பட்ட மின்னாற்றலை உண்டு, இழந்த உயிராற்றலை மீட்டுக்கொள்ளும் இயல்பு மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த உயிரினம் அரிது. நாகத்தைக் கொல்ல வந்த மின்னல் அணிலுக்கு உணவாயிற்று.

இதனினும் நுட்பமானது அதன் ஏனைய திறன்களின் தேர்வு. அவற்றுள் ஒன்று, பகையின் எஞ்சிய உயிராற்றலில் சரிபாதியைப் பறிப்பது. இதற்குக் கடிப்பவனின் வலிமை ஒரு பொருட்டன்று. கடிபடுபவன் எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரிது அவன் இழப்பு. இன்னொன்று, மெல்ல உரசி எதிரியை முடக்குவது. அது தரும் அடி சிறிது. முடக்கமோ எவர் செய்தாலும் ஒன்றே. அணிலின் வளர்ப்புப் புள்ளிகள் தாக்குதலில் செலவிடப்படாமல் அடியைத் தாங்குவதற்கே செலவிடப்பட்டன. 45 என்னும் அந்த எண்ணை எவ்விடத்தும் நம்பியிராத வகையில் அனைத்தும் அமைக்கப்பட்டிருந்தன. குறை நீக்கப்படவில்லை, குறை கேட்கப்படாத வேலை தேடித் தரப்பட்டது.

இவ்வெற்றியைக் கேட்டோர் பலர் அதனை அன்பின் வெற்றியாகப் போற்றினர். அவ்வாறு போற்றுவதற்கு விளையாட்டிலேயே ஓர் இடம் உண்டு. 1999இல் வெளிவந்த பதிப்பில் வரும் பாத்திரம் ஒன்று, வலியது மெலியது என்னும் பிரிவு மாந்தரின் தன்னலப் பார்வையே என்றும், திறனுடையோர் தமக்கு உகந்தவற்றைக் கொண்டே வெல்ல முயல வேண்டும் என்றும் ஆடுவோருக்கு அறிவுறுத்துகிறது. கேட்க இனிய அறிவுரைதான். ஆனால், உகந்தது என்பதற்காக மட்டும் ஓர் உயிரினத்தைக் களமிறக்கித் தோற்றவர் தொகையை எவரும் எண்ணி வைப்பதில்லை. பார்க்கின் தேர்வுக்கு அன்பு துணை நின்றிருக்கலாம். வெற்றியை ஈட்டித் தந்தது கணக்கு. அணிலை விரும்புகிறவன் அதன் அழகைக் காண்கிறான்; அதனை ஆளத் தெரிந்தவன் அதன் 45ஐயும் காண்கிறான். பின்னவன் பார்வையே அணிலுக்கு நன்மை செய்தது.

தமிழாசிரியர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தோடு பேச்சு முடிந்துவிடவில்லை. அதனைத் தொடர்ந்து காலமறிதலும் இடனறிதலும் வருகின்றன. கூகையைக் காக்கை பகலில் வெல்வதும், நீரில் வெல்லும் முதலை நீரை நீங்கினால் பிறவற்றிடம் தோற்பதும், சேற்றில் கால் ஆழ்ந்த களிற்றை நரி கொல்வதும் அங்கே பேசப்படுகின்றன. காக்கை பகலில் வலிமை கூடிவிடவில்லை. கூகையின் கண் பகலில் பயன்படவில்லை. வலிமை பொருளின் உள்ளே குடியிருப்பது போலத் தோன்றினும், பெரும்பகுதி பொருளுக்கும் சூழலுக்கும் இடையிலேயே இருக்கிறது. எண்களை மட்டும் கூட்டுவோர் வலியறிதலைப் படித்துவிட்டு நூலை மூடியவர்கள். காலத்தையும் இங்கே மறத்தலாகாது. 2015ஆம் ஆண்டு விதிகள் மாறின. முந்தைய ஆண்டு இடம்பெறாத பல உயிரினங்கள் போட்டிக்குள் வந்தன. அணிலுக்கென வாய்த்திருந்த இடம் முன்போல் நீடிக்கவில்லை.

இவ்விளையாட்டில் இத்தகைய தலைகீழ் மாற்றங்கள் வேறும் உள. ட்ரிக் ரூம் என்னும் உத்தியைக் கையாண்டால் ஐந்து சுற்றுகளுக்கு மெதுவானது முந்தும், விரைந்தது பிந்தும். முழு வளர்ச்சி அடையாதவற்றின் தற்காப்பை ஒன்றரை மடங்காக்கும் கல் ஒன்று 2010இல் புகுத்தப்பட்டது. அதனைத் தாங்கிய சான்சி, தன் வளர்ந்த வடிவமாகிய பிளிசியைக் காட்டிலும் உறுதியாய் நின்றது. கல்லைத் தட்டிப் பறித்துவிட்டால் பழைய சான்சிதான். இன்னும் விந்தையானது முதல் நிலையிலேயே நிற்கும் ராட்டட்டா என்னும் எலி. ஒரே அடியில் வீழாமல் காக்கும் கச்சையொன்றை அதற்கு அணிவிப்பர். அடிபட்டு ஓர் உயிர்ப்புள்ளியோடு எஞ்சும் எலி, எதிரியின் உயிராற்றலையும் தன்னளவுக்கே தாழ்த்திவிட்டு, அடுத்த சுற்றில் முந்திப் பாய்ந்து முடித்துவிடும். அங்கே மெலிவே படைக்கலம். எலி சற்று வலுத்திருந்தால் அந்த உத்தி அவ்வளவு பயன் தராது. எதிரே ஆவி வகையைச் சேர்ந்த ஒன்று நின்றால் எலியின் பாய்ச்சல் அதனைத் தீண்டவும் இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்குதான் அறம் பற்றிய சிக்கல் தொடங்குகிறது. இத்தகைய வரலாறுகளைப் பள்ளி மேடைகளில் எடுத்துரைப்போர் பெரும்பாலும் மெலிந்தவனை நோக்கியே பேசுகின்றனர். அணில் வென்றது, நீயும் முயன்றால் வெல்வாய் என்பது அவர்தம் வாய்பாடு. ஆனால் அணில் முயலவில்லை. அதன் 405 எந்நாளும் 406 ஆகவில்லை. முயன்றவர் அதனை ஆராய்ந்து, அதற்கேற்ற துணைகளைச் சேர்த்து, அதன் குறை வெளிப்படாத ஓர் அணியை அமைத்தவர். எனவே இக்கதை யாருக்கேனும் கடமையை உணர்த்துமாயின், அது அணியை அமைக்கும் பொறுப்பில் உள்ளவர்க்கே உணர்த்தும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனிடம் அதனைச் சொல்வது, கடிதத்தை வேறு முகவரிக்கு அனுப்புவதாகும்.

எளியதைப் பயன்படுத்தல் எல்லா வேளையிலும் எளியதை மதித்தலாகுமா? பச்சிரிசு ஆற்றிய பணி யாது என்று மீண்டும் நோக்கினால், அது பிறர்க்கு வந்த அடியைத் தான் ஏற்றல் என்பது புலப்படும். மின்னல் வந்தால் அது உணவு. வேறு எது வந்தாலும் அடி அடியே. பெருநாகம் வீரம் காட்டுவதற்காகச் சிற்றணில் முன்னின்றது. விளையாட்டில் இதனால் குற்றமில்லை. ஆட்டம் முடிந்தால் வீழ்ந்தவை யாவும் மீள்கின்றன. வலியென்று ஒன்று அங்கே இல்லை. அணில் ஒரு கருவி; கருவியைத் திறம்பட ஆளுதல் கலையே.

மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்று இமானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறநூலில் வற்புறுத்தினார். திறனாளர் ஒருவர் மெலிந்தவனுக்கு ஓர் இடம் கண்டுபிடித்துத் தரும்போது, அவ்விடம் அவனுக்காகக் கண்டதா, அணிக்காகக் கண்டதா என்பதை வெளியிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாது. நாடகத்தில் திரை இழுக்கும் வேலையைத் திக்குவாயுள்ள சிறுவனுக்கு ஆண்டுதோறும் தரும் ஆசிரியர், தாம் அவனுக்கு இடமளித்ததாகவே எண்ணுவார். நாடகமும் தடையின்றி நடைபெறும். ஆயினும் அணிலிடம் எவரும் கேட்க வேண்டியதில்லாத ஒன்றை அவனிடம் கேட்டாக வேண்டும். கேட்டபின் அவன் வசனம் வேண்டுமென்றால், நாடகம் சற்றுத் தடுமாறுவதற்கும் இசைய வேண்டும்.